புதுவை, கடலூர் மண்ணில் அடங்கியோர்: வாசகர் கேள்வி – பதில்

புதுச்சேரியிலும் கடலூர் மாவட்டத்திலும் உள்ள கல்லறைகள், சமாதிகள், நினைவு மண்டபங்கள் குறித்து வாசகர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து சில கேள்விகளை இவ்விதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒருவர் வாழ்ந்த ஊர், இறந்த ஊர், அடங்கிய ஊர் ஆகிய மூன்றும் வெவ்வேறாக இருக்கலாம் என்பதும், சிலை இருக்கும் இடத்தில் உடல் இருக்க வேண்டியதில்லை என்பதும் இக்கடிதங்களைப் படித்தபோது அடிக்கடி நினைவுக்கு வந்தன. ஆகவே ஒவ்வொருவர் விஷயத்திலும் உடல் எங்கே அடங்கியது என்பதை முதலில் சொல்லிவிட்டு, மற்றவற்றைப் பிறகு சொல்கிறோம்.

கேள்வி: கப்ஸ் கோயில் என்னும் கத்தோலிக்கத் தேவாலயத்துக்கு எதிரே உள்ள பழைய கல்லறைத் தோட்டத்தில் டூப்ளே அடக்கம் செய்யப்பட்டிருப்பதாக எங்கள் தெருப் பெரியவர்கள் சொல்வார்கள். கடற்கரையில் அவருக்குச் சிலை இருப்பதால் நானும் நம்பி வந்தேன். அது உண்மையா ஐயா?
– வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: உண்மையில்லை. புதுச்சேரியின் ஆளுநராக இருந்த டூப்ளே 1754-இல் பதவியிலிருந்து நீக்கப்பட்டு பிரான்சுக்குத் திரும்பினார். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தாம் செலவிட்டதாகச் சொன்ன பணத்தைக் கேட்டு வழக்காடியே எஞ்சிய நாளைக் கழித்து, 1763-இல் பாரிஸ் நகரில் வறுமையில் இறந்தார். அவருடைய மனைவி ழான் அம்மையாரும் அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே பாரிஸில் இறந்துவிட்டார். புதுச்சேரியில் உள்ள சிலை 1870-இல், அதாவது அவர் இறந்து நூறாண்டுக்கும் மேல் கழிந்த பிறகு நிறுவப்பட்டது.

கப்ஸ் கோயிலுக்கு எதிரே அடங்கியிருப்பவர் டூப்ளேயின் படைத்தலைவர்களுள் மிகப் பெரியவரான புஸ்ஸி. நம்மவர்கள் இன்றும் புஸ்ஸி வீதி என்று சொல்லும் தெரு அவர் பெயரால் அமைந்தது. டூப்ளேயின் காலத்தில் ஒரு சிறு படையோடு தக்காணத்துக்குப் போன புஸ்ஸி, ஐதராபாத் நிஜாமாக இருந்த சலாபத் ஜங்கின் அரசவையில் ஏறத்தாழ ஏழாண்டுக் காலம் அசைக்க முடியாத செல்வாக்கோடு இருந்து, ஆந்திரக் கடற்கரையை ஒட்டிய வட சர்க்கார் பகுதிகளைப் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பெற்றுத் தந்தார். 1758-இல் பிரெஞ்சுப் படையின் தலைமைத் தளபதியாக வந்த லாலி அவரைத் திரும்ப அழைத்தார். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசிப் போரில் அவர் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். பிறகு பிரான்சுக்குப் போய்ச் செல்வந்தராக வாழ்ந்தவரை, முதுமையில், உடல்நலம் குன்றிய நிலையில், மீண்டும் இந்தியாவுக்கு அனுப்பினார்கள்.

கடலூர் வாசகர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. 1783 மார்ச் மாதம் பரங்கிப்பேட்டையில் படையோடு இறங்கிய புஸ்ஸி, ஜூன் மாதம் கடலூரில் ஆங்கிலேயப் படையின் முற்றுகையை எதிர்த்து நின்றார். 13-ஆம் நாள் நடந்த கடுமையான சண்டையில் இரு பக்கமும் பெருஞ்சேதம். 20-ஆம் நாள் கடலூருக்கு எதிரே கடலில் சுஃப்ரேனின் பிரெஞ்சுக் கப்பற்படையும் ஹியூஸின் ஆங்கிலேயக் கப்பற்படையும் மோதின. மாத இறுதியில், ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்டுவிட்டது என்ற செய்தி வந்து சேர்ந்ததால் போர் அப்படியே நின்றது. அதன் பிறகு புஸ்ஸி ஊர் திரும்பவில்லை. 1785 ஜனவரியில் புதுச்சேரியில் இறந்து, கப்ஸ் கோயிலுக்கு எதிரே உள்ள அந்தப் பழைய கல்லறைத் தோட்டத்தில் அடங்கினார். இன்று எதிரே நிற்கும் கோயில் 1855-இல் கட்டி முடிக்கப்பட்டது என்பதால், கோயிலை விடக் கல்லறை எழுபது ஆண்டு மூத்தது.

பிரெஞ்சுப் புதுச்சேரியை உருவாக்கியவர் என்று சொல்லத்தக்க பிரான்சுவா மர்த்தேன் 1706 டிசம்பர் 31 அன்று இதே ஊரில்தான் இறந்தார். ஆனால் நாம் போய் நின்று பார்க்கும்படியான கல்லறை அவருக்கு இன்று இல்லை. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைக் கைப்பற்றியதும் கோட்டையையும் வெள்ளையர் நகரையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அந்த இடிப்புக்கு முந்திய புதுச்சேரியின் அடையாளங்கள் மிகக் குறைவாகவே எஞ்சின. ஊரை நிறுவியவருக்கு ஒரு கல்கூட இல்லாமல் போனதும், கடைசிக் காலத்தில் வந்து சேர்ந்த தளபதியின் கல் நிலைத்து நிற்பதும் வருத்தம் தரும் முரண்தான்.

கேள்வி: நான் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சென்னைப் பாரிமுனைக்குப் பெயர் தந்த பாரி துரையின் கல்லறை கடலூரில் இருப்பதாக ஆலையில் மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் ஏன் கடலூருக்கு வந்தார்?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: தாங்கள் கேட்டது சரியான செய்தி. தாமஸ் பாரியின் உடல் கடலூர் கிறிஸ்து நாதர் ஆலயத்தில் அடங்கியிருக்கிறது.

பாரி பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 1768-இல் பிறந்தவர். இருபது வயதில், 1788-இல், சென்னைக்கு வந்து வணிகம் தொடங்கினார். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராக அல்லாமல் தனி வணிகராகவே பெரும்பாலும் வாழ்ந்தவர். வட்டித் தொழில், கப்பல் சரக்கு, தோல் பதனிடுதல், அவுரி என்று பல தொழில்களில் இறங்கினார். கோட்டைக்கு வடக்கே கடலைப் பார்த்த மூலையில் அவர் அமைத்த அலுவலகத்தால்தான் அந்த இடம் பாரிமுனை ஆயிற்று. 1819-இல் டேர் என்பவர் பங்காளியாகச் சேர்ந்தார். அந்த மூலையில் இன்று நிற்கும் கட்டடம் டேர் பெயரைத் தாங்குகிறது.

அவர் இந்தப் பக்கம் வந்ததற்குக் காரணம் அவுரி. பஞ்சுத் துணிக்கு நீலச் சாயம் ஏற்ற அவுரியே வேண்டியிருந்த காலம் அது. தென்னாற்காட்டு மண்ணில் அவுரி நன்றாக விளைந்தது, கடலூரும் பரங்கிப்பேட்டையும் ஏற்றுமதிக்கு வசதியான துறைமுகங்களாக இருந்தன. 1824 ஆகஸ்டில் பரங்கிப்பேட்டைப் பக்கம் வந்திருந்தபோது அவருக்கு வாந்திபேதி கண்டது. காலரா என்று இன்று நாம் சொல்லும் அந்த நோய்க்கு அப்போது மருந்து கிடையாது. காலையில் நன்றாக இருந்தவர் இரவுக்குள் மடிவது வழக்கமாக இருந்த காலத்தில், உடலைச் சென்னை வரை கொண்டு போவதை எண்ணிப் பார்க்கவே முடியாது. அருகில் இருந்த ஆங்கிலேயத் தேவாலயம் கடலூர் முதுநகரில் இருந்தது. அங்கே அடக்கம் செய்தார்கள். தங்கள் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை வந்தது அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் என்பதால், அந்த ஆலையை அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயர்தான் அந்த ஆலையின் வாயிலில் நின்றது.

அந்தத் தேவாலயத்தின் கதையும் தெரிந்துகொள்ளத்தக்கது. அது முதலில் கத்தோலிக்கர்களின் கோயில். பிரெஞ்சுக்காரர்களுக்குக் கத்தோலிக்கக் குருக்கள் உளவு சொல்கிறார்கள் என்ற ஐயத்தில், ஆங்கிலேயர்கள் 1749-இல் அதைப் பறித்து, கடலூரில் அப்போது பணிபுரிந்த கீர்னாண்டர் என்ற லுத்தரன் குருவிடம் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் கிறிஸ்து நாதர் ஆலயம் என்ற பெயர் ஏற்பட்டது. 1758-இல் லாலி கடலூரையும் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையையும் கைப்பற்றியதும் கீர்னாண்டர் கொல்கத்தாவுக்குப் போய், அங்கே புகழ்பெற்று, அங்கேயே இறந்தார்.

இங்கே பிறந்து கொல்கத்தாவில் அடங்கிய இன்னொருவரையும் இந்த இடத்தில் குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை. தேவனாம்பட்டினக் கோட்டையின் ஆளுநர் குரோக்கின் மகளாக 1725-இல் பிறந்த பிரான்செஸ், நான்கு முறை மணம் செய்துகொண்டு, பேகம் ஜான்சன் என்ற பெயரோடு கொல்கத்தா முழுவதும் அறியப்பட்ட மூதாட்டியாகி, 1812-இல் மறைந்தார். புனித யோவான் ஆலய வளாகத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. அவருடைய பேரன் லிவர்பூல் பிரபு இங்கிலாந்தின் பிரதமரானார். தேவனாம்பட்டினத்தில் கடலைப் பார்த்து நிற்கும் இடிந்த சுவர்களுக்கு அருகே போகும் இளைஞர்களுக்கு இதையெல்லாம் சொல்ல அங்கே ஒரு பலகை வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

கேள்வி: ஆனந்தரங்கப் பிள்ளை, பாரதியார், பாரதிதாசன், கி. ராஜநாராயணன் ஆகிய நால்வரின் நினைவிடங்களைப் புதுச்சேரியில் பார்த்து ஆய்வேடு எழுத விரும்புகிறேன். எங்கெங்கே செல்ல வேண்டும்?
– கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை

பதில்: நால்வரில் பாரதிதாசன் ஒருவருக்கு மட்டுமே மறைவைச் சார்ந்த நினைவிடத்தைப் புதுச்சேரியில் காணலாம். மற்ற மூவருக்கும் அவர்கள் வாழ்ந்த இடங்களைத்தான் தாங்கள் பார்க்க வேண்டும்.

ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பர் 6 தொடங்கி ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதியவர். புதுச்சேரி வீழ்ந்த அதே 1761 ஜனவரியில், முற்றுகையின் நடுவே இறந்தார். வைணவ மரபினரான அவருக்குக் கல்லறை என்ற ஒன்று இல்லை. அவர் பெயரால் அமைந்த ரங்கப்பிள்ளை வீதியில், கீழே நம் பாணித் திண்ணையும் மரத் தூண்களும், மேலே பிரெஞ்சுப் பாணியும் கலந்து நிற்கும் அவருடைய மாளிகையே பார்க்க வேண்டிய இடம்.

பாரதியார் புதுச்சேரியில் 1908 முதல் 1918 வரை வாழ்ந்தார். 1921 செப்டம்பரில் சென்னைத் திருவல்லிக்கேணியில் மறைந்து, கிருஷ்ணாம்பேட்டைச் சுடுகாட்டில் எரியூட்டப்பட்டார். அவரோடு புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த வ.வே.சு. ஐயர் 1925-இல் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிர்விட்டார்.

பாரதிதாசன் 1964 ஏப்ரல் 21 அன்று சென்னை மருத்துவமனையில் இறந்தார். உடலைச் சென்னையிலேயே விட்டுவிடாமல் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தார்கள். கடற்கரையை ஒட்டிய பாப்பம்மாள் கோயில் இடுகாட்டில், சரியாக ஓராண்டு கழித்து 1965 ஏப்ரல் 21 அன்று, புதுவை நகராட்சி அவருக்கு நினைவு மண்டபம் எழுப்பியது. பெருமாள் கோயில் வீதியில் உள்ள அவருடைய இல்லத்துக்கு நிறையப் பேர் போகிறார்கள். இடுகாட்டு மண்டபத்துக்குப் போகிறவர்கள் அவ்வளவு இல்லை. பிறந்த நாளான ஏப்ரல் 29 அன்று இல்லத்தில் கூட்டம் நிறைகிறது. நினைவு நாளில் மண்டபத்திலும் அதே கூட்டம் கூட வேண்டும் என்பது எங்கள் ஆசை.

கி.ரா. தம் வாழ்வின் பிற்பகுதி முழுவதும் புதுச்சேரிக்காரராக இருந்து, 2021 மே 17 அன்று இங்கேயே மறைந்தார். உடல் அவருடைய சொந்த ஊரான கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவலுக்குக் கொண்டு செல்லப்பட்டு, அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. தாங்கள் கேட்கவில்லை என்றாலும், 2018 டிசம்பர் 21 அன்று மறைந்த பிரபஞ்சனையும் ஆய்வேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறந்த ஊரிலேயே மறைந்து, அரசு மரியாதையுடன் இறுதி விடை பெற்ற எழுத்தாளர் அவர்.

கேள்வி: வள்ளலாரின் சமாதி வடலூரில் இருக்கிறதா, மேட்டுக்குப்பத்தில் இருக்கிறதா? வெளியூர் உறவினர்கள் கேட்கும்போது எங்களுக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.
– வாசகி, குறிஞ்சிப்பாடி

பதில்: இரண்டு ஊரிலும் சமாதி என்று சொல்லத்தக்கது இல்லை. உடல் அடக்கம் செய்யப்பட்டதாக எவரும் சொல்லாத ஒருவரைப் பற்றித் தாங்கள் கேட்கிறீர்கள் என்பதால், சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மருதூரில் 1823 அக்டோபர் 5 அன்று பிறந்த இராமலிங்க அடிகள், 1867 மே 23 அன்று வடலூரில் பசித்தவர்களுக்கு உணவளிக்கும் தருமச்சாலையையும், 1872 ஜனவரி 25 அன்று சத்திய ஞான சபையையும் தொடங்கினார். தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பதைத் தங்கள் ஊரார் அறிவார்கள். அவர் பெரும்பாலும் தங்கியிருந்தது அருகிலுள்ள மேட்டுக்குப்பத்தில், சித்தி வளாகம் என்று அவர் பெயரிட்ட இல்லத்தில். 1874 ஜனவரி 30 அன்று, தைப்பூசத்தை ஒட்டிய நாளில், அந்த இல்லத்தின் அறைக்குள் சென்று கதவைத் திருக்காப்பிட்டுக்கொண்டார். அதன் பிறகு எவர் கண்ணுக்கும் அவர் தென்படவில்லை.

மாவட்ட அதிகாரிகள் செய்தி கேட்டு வந்து விசாரித்துச் சென்றார்கள். 1906-இல் வெளியான தென்னாற்காடு மாவட்ட கெசட்டியரும், அறைக்குள் சென்றவர் பின்னர் காணப்படவில்லை என்றும் அறை பூட்டியே இருக்கிறது என்றும் பதிவு செய்கிறது. அவர் ஒளியுடல் பெற்றார் என்பது அன்பர்களின் உறுதியான நம்பிக்கை. அரசு ஆவணம் தன் அளவில் சொல்லக்கூடியது, கதவு மூடியது, ஆளைக் காணோம் என்பது வரைதான். இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்துப் படிப்பதே முறை என்று கருதுகிறோம்.

ஆகவே உறவினர்களிடம் தாங்கள் இப்படிச் சொல்லலாம்: வடலூரில் இருப்பவை சபையும் சாலையும், மேட்டுக்குப்பத்தில் இருப்பது அவர் மறைந்த திருவறை. தைப்பூசம் முடிந்து இரண்டாம் நாள், வடலூரிலிருந்து பேழை ஊர்வலமாக மேட்டுக்குப்பம் சென்ற பிறகு, திருவறை தரிசனம் நடக்கும். அன்றைக்கு வந்தால் அந்த அறையைப் பார்க்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்லறைகளைப் பற்றி நாம் பேசும் இந்தப் பகுதியில் வள்ளலாருக்குத் தனி இடம் உண்டு. இறந்தவர்களை எரிக்காமல் புதைக்க வேண்டும் என்று தம் அன்பர்களுக்கு அவர் 1871-இல் எழுத்து மூலமாகவே வற்புறுத்தியிருக்கிறார். இறந்தவரைச் சுடுவது அவருக்குத் தாங்க முடியாத கொடுமையாகத் தோன்றியது. சாதி, சமயச் சடங்குகளைக் கைவிட்டு எல்லோரையும் ஒரே முறையில் மண்ணில் இட வேண்டும் என்ற கருத்தும் அதனுள் இருந்தது. சன்மார்க்க அன்பர்களின் குடும்பங்களில் இன்றும் புதைக்கும் வழக்கம் தொடர்வதற்கு அதுவே காரணம்.

தங்கள் மாவட்டத்திலேயே, சாதிக் கொடுமைக்கு எதிராகத் தம் வாழ்வைச் செலவிட்ட சுவாமி சகஜானந்தரும் இருக்கிறார். சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் தங்குமிடமும் அமைத்த அவர் 1959 மே 1 அன்று மறைந்தார். சிதம்பரத்தில் அரசு அவருக்கு மணிமண்டபம் கட்டியிருக்கிறது. நடராசர் கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்களில் நூற்றில் ஒருவராவது அங்கும் போய்ப் பார்த்தால் நல்லது.

கேள்வி: கடற்கரைச் சாலையில் உள்ள பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தின் கீழே வீரர்களின் உடல்கள் இருக்கின்றனவா?
– பள்ளி மாணவர், வில்லியனூர்

பதில்: இல்லை தம்பி. முதல் உலகப் போரில் பிரான்சுக்காகப் போரிட்டு உயிர்விட்ட பிரெஞ்சிந்திய வீரர்களின் நினைவாக 1938-இல் திறக்கப்பட்ட சின்னம் அது. உயிர்விட்டவர்கள் கடல் கடந்த போர்க்களங்களில் மடிந்தவர்கள். ஜூலை 14 அன்று அதற்கு விளக்கு அலங்காரம் செய்வார்கள், போர் முடிந்த நாளான நவம்பர் 11 அன்று மலர் வளையம் வைப்பார்கள்.

கேள்வி: அரவிந்தரின் சமாதி ஊருக்கு நடுவே, ஆசிரமத்தின் முற்றத்திலேயே இருப்பது எப்படி? சித்தர்களின் சமாதிகளும் புதுச்சேரியில் நிறைய இருப்பதாகச் சொல்கிறார்களே, அவற்றில் வரலாறு தெரிந்தவை எவை?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: அரவிந்தர் 1910 ஏப்ரல் 4 அன்று புதுச்சேரிக்கு வந்தார். நாற்பது ஆண்டுகள் இங்கேயே இருந்து, 1950 டிசம்பர் 5 அன்று விடியலுக்கு முன்பு மறைந்தார். உடலில் சிதைவு தென்படவில்லை என்பதால் அடக்கத்தைத் தள்ளிவைத்து, மக்கள் வரிசையில் வந்து பார்க்க விட்டார்கள். டிசம்பர் 9 அன்று மாலை, கருங்காலி போன்ற உறுதியுடைய ஈட்டி மரப் பேழையில் வைத்து ஆசிரம முற்றத்து மரத்தடியில் அடக்கம் செய்தார்கள். அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது என்பதால், குடியிருப்புக்குள் அடக்கம் செய்வதற்குப் பிரெஞ்சு அரசிடம் அனுமதி பெற்றார்கள்.

அந்தச் சமாதி தொடக்கத்திலேயே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அறைகள் கொண்டதாகக் கட்டப்பட்டது. 1973 நவம்பர் 17 அன்று, ஆசிரமத்தை நடத்தி வந்த அன்னை மறைந்தபோது, 20-ஆம் நாள் அவருடைய உடலை மேல் அறையில் வைத்தார்கள். அங்கே போகிறவர்கள் பார்ப்பது மேலே நாள்தோறும் புதிதாக அடுக்கப்படும் பூக்களையும், பளிங்கின் மேல் நெற்றியை வைத்து அசையாமல் இருக்கும் மனிதர்களையும்தான். பேச்சொலி கேட்காது. மேலே கிளை பரப்பி நிற்கும் மரம் 1930-இல் நட்ட பெருங்கொன்றை. பூக்கும் பருவத்தில் மஞ்சள் இதழ்கள் சமாதியின் மேலேயே உதிரும்.

சித்தர்களைப் பொறுத்தவரை, தங்கள் ஊருக்கு உரிமையுள்ள ஒருவரிலிருந்தே தொடங்குகிறோம். கருவடிக்குப்பத்தில் சமாதி கொண்டுள்ள சித்தானந்த சுவாமிகள், திருப்பாதிரிப்புலியூரை ஒட்டிய வண்டிப்பாளையத்தில் பிறந்து பின்னர் புதுச்சேரிக்கு வந்தவர் என்று அக்கோயில் வரலாறு சொல்கிறது. 1837-இல் சமாதியானார். பாரதியார் குயில் பாட்டுக்குக் களமாகக் கொண்ட தோப்பும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. கோயில் வாயிலில் எரியும் தீபத்தைப் பற்றி ஒரு பெண்ணை விளித்து அவர் பாடிய பாட்டு, சித்தாந்தச் சாமி கோயில் என்று இந்தச் சமாதிக் கோயிலையே குறிக்கிறது. மணக்குள விநாயகர் கோயிலோடு சேர்த்துச் சொல்லப்படும் தொள்ளைக்காதுச் சித்தரின் சமாதி கோயில் மரபு வழியாக வழங்கும் செய்தி. பாரதியார் தம் குரு என்று போற்றிய குள்ளச்சாமி, வரலாற்றில் நடமாடிய மனிதர் என்பதற்கு அவருடைய பாட்டே சாட்சி. ஒவ்வொரு சித்தருக்கும் சொல்லப்படும் வயதையும் அற்புதங்களையும் அப்படியே எழுதிக்கொள்வதைவிட, சமாதிக் கோயிலில் கல்வெட்டோ நிலப்பத்திரமோ இருக்கிறதா என்று அங்குள்ளவர்களிடம் பணிவோடு கேட்டுப் பார்ப்பது பலன் தரும்.

கேள்வி: நம் பகுதியில் மிகப் பழைய அடக்கம் எது?
– வாசகர், திருக்கனூர்

பதில்: பெயர் தெரிந்தவர்களை விட்டுவிட்டுக் கேட்டால், விடை தங்கள் வீட்டுக்கு அருகிலேயே இருக்கிறது. சுத்துக்கேணியிலும் முத்திரப்பாளையத்திலும் பெருங்கற்காலத்து ஈமப் புதைகுழிகளைப் பிரெஞ்சுத் தொல்லியலாளர் கசால் அகழ்ந்து, 1956-இல் அதைப் பற்றிய நூலை வெளியிட்டார். அரிக்கமேட்டில் அகழாய்வு செய்தவர்களுள் அவரும் ஒருவர். தாழிகளும், கால்கள் வைத்த சுடுமண் பேழைகளும், இறந்தவரோடு வைத்த கலங்களும் அங்கே கிடைத்தன. புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போனால் இப்பகுதித் தொல்பொருள்களைப் பார்க்கலாம்.

கேள்வி: நாங்கள் சொல்தா குடும்பம். என் பாட்டனார் பிரெஞ்சு ராணுவத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்று, 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதுச்சேரியில் காலமானார். உப்பளம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ததாக அம்மா சொல்வார். சென்ற கல்லறைத் திருநாளுக்கு ஊருக்கு வந்தபோது தேடியும் கிடைக்கவில்லை. எப்படித் தேடுவது?
– வாசகி, பாரிஸ்

பதில்: கல்லறைத் திருநாளான நவம்பர் 2 தேடுவதற்கு ஏற்ற நாள் அல்ல, அம்மா. அன்றைக்குக் கூட்டமும் மெழுகுவர்த்தியும் சாமந்தி மாலையும் கல்லெல்லாம் மூடியிருக்கும். சாதாரண நாளில், காலை ஏழு எட்டு மணிக்கு வாருங்கள். வெயில் சாய்வாக விழும் அந்த நேரத்தில் தேய்ந்த எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கி, உச்சி வெயிலில் கண்ணுக்குப் படாத பெயர்கூடத் தெரியும். வெயில் படாத கல்லாக இருந்தால், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கவாட்டில் பிடித்து ஒளியைக் கல்லின் மேல் சாய்த்து விட்டுப் படம் எடுங்கள்.

ஆனால் தோட்டத்தில் கால் வைப்பதற்கு முன் காகிதத்தில் தேடி முடிப்பது நல்லது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்து மரணங்கள், எத்தா சிவில் எனப்படும் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவில் உண்டு. அக்காலத்துக்குரியவை புதுச்சேரி நகராட்சி அலுவலகத்தில் கிடைக்கும். அதைவிடப் பழைய பதிவுகளைத் தாங்கள் இருக்கும் பிரான்சிலேயே, எக்ஸ்-அன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள கடல் கடந்த பகுதிகளின் ஆவணக் காப்பகம் இணையத்தில் படமாக ஏற்றி வைத்திருக்கிறது. இந்தப் பதிவில் பெயர், வயது, பெற்றோர், இறந்த நாள், நேரம் இருக்கும். எங்கே புதைத்தார்கள் என்பது இருக்காது. அதற்குப் பங்குக் கோயிலின் அடக்கப் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும். பாட்டனார் எந்தப் பங்கைச் சேர்ந்தவர், சம்பா கோயிலா, கப்ஸ் கோயிலா, நெல்லித்தோப்பா என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இறந்த நாளைக் கையில் வைத்துக்கொண்டு பங்குத் தந்தையிடம் எழுத்து மூலம் கேளுங்கள். தேதி இல்லாமல் பதிவேட்டை முழுவதும் புரட்டச் சொல்வது அவருக்கும் இயலாத காரியம்.

குடும்பத்துக்கென்று விலை கொடுத்து வாங்கிக் கட்டிய கல்லறையா, பொதுவிடத்தில் அடக்கமா என்பதையும் உறவினர்களிடம் விசாரியுங்கள். இடநெருக்கடியால், பொதுவிடத்துக் குழிகளில் சில ஆண்டுகளுக்குப் பிறகு வேறு ஒருவரை அடக்கம் செய்வது நகரத்துக் கல்லறைத் தோட்டங்களில் வழக்கம். அப்படியானால் பதிவேட்டில் பெயர் இருக்கும், தோட்டத்தில் கல் இருக்காது. குடும்பக் கல்லறையாக இருந்தால், முதலில் அடக்கமானவரின் பெயரே பெரிதாக இருக்கும், பின்னால் வந்தவர்களின் பெயர்கள் பக்கவாட்டிலோ கீழ்ப்படியிலோ சிறிதாக இருக்கும். தாங்கள் பாட்டனாரின் பெயரைத் தேடிக் கடந்துபோன கல் அவருடைய மாமியாரின் பெயரைத் தாங்கியதாக இருந்திருக்கலாம்.

எழுத்தைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. கல்லறைத் திருநாளுக்கு முந்திய வாரம் ஒவ்வொரு குடும்பமும் வெள்ளையடித்து, எழுத்தின் பள்ளத்தில் கறுப்பு வண்ணம் ஏற்றுவார்கள். பிரெஞ்சு தெரியாத வண்ணக்காரர் தேய்ந்த 3-ஐ 8 ஆக்கிவிடுவார், 1-ஐ 7 ஆக்கிவிடுவார். ஆகவே வண்ணத்தை நம்பாமல், விரல் நுனியால் பள்ளத்தைத் தடவிப் பாருங்கள். உளி வெட்டிய கோடு விரலுக்குத் தெரியும். பாசி படிந்திருந்தால் வெறும் தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும். அமிலம், சோப்புத் தூள், கம்பித் தூரிகை எதையும் கல்லில் வைக்காதீர்கள். சுண்ணாம்புச் சாந்தில் எழுதிய எழுத்தாக இருந்தால் தண்ணீர்கூட வேண்டாம்.

கடலூர்ப் பக்கம் ஆங்கிலேயர் கல்லறைகளைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஜே. ஜே. காட்டன் என்ற அதிகாரி சென்னை மாகாணம் முழுவதும் உள்ள கல்லறை எழுத்துகளைத் தொகுத்து 1905-இல் அச்சிட்டார். அதன் பிறகு அழிந்துபோன கற்களின் எழுத்தும் அந்தத் தொகுப்பில் இருக்கிறது. நம் தமிழ்க் கிறித்தவர்களின் கல்லறைகளுக்கு, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று தொடங்கி ஊரும் தொழிலும் சொல்லும் அந்த அருமையான வரிகளுக்கு, அப்படி ஒரு தொகுப்பை யாராவது செய்தே ஆக வேண்டும். தாங்கள் பாட்டனாரைத் தேடி வரும்போது, அவர் கல்லுக்கு இரு பக்கமும் உள்ள கற்களையும் படம் எடுத்து, எழுத்தைத் தாளில் வரி வரியாகப் பெயர்த்து, ஒரு படியைப் பங்கு அலுவலகத்திலும் ஒரு படியை எங்களிடமும் கொடுத்தால், உரிய குடும்பங்கள் பார்க்கும்படி வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.